பெயர் பிழைத்த கிருமி



மாரிகாலத்து விடியற்புறத்தில், ஊர் அடங்கிக் கிடக்கும் வேளையில், முதியவர் ஒருவர் படுக்கையில் எழுந்திருந்து, இரு கைகளையும் முழந்தாள்களில் ஊன்றி, மூச்சுக்காகப் போராடும் ஓசையைக் கேட்டறியாத வீடு நம்மிடையே அரிது. அதனைச் சிலர் தொய்வு என்பர். சிலர் முட்டு என்பர். ஊர்வழக்கில் எல்லாம் ஒன்றே. மருத்துவரோ அவற்றைப் பிரித்துக் காண்பர். இளமையிலேயே தலைகாட்டி, வருவதும் நீங்குவதுமாக இருப்பது ஒன்று. நடுவயதின்பின் ஓசையின்றித் தொடங்கி, மூச்சுக்குழாய்களை ஒடுக்கி, சுவாசப்பையின் நுண்ணிய அறைகளைச் சிதைத்து, பின் ஒருபோதும் முற்றாக நீங்காது நிற்பது மற்றொன்று. இப் பின்னதற்கு நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்று பெயர். இன்றைய பேச்சு அதனைப் பற்றியது. அதிலும், அந்நோயைத் தூண்டிவிடும் ஒரு நுண்ணுயிரைப் பற்றியது.

புகைபிடித்தலே இந்நோய்க்குத் தலையாய காரணம் என்பது பலரும் அறிந்ததே. சுருட்டைக் கையாலும் தொட்டறியாத பெண்டிர் பலர்க்கும் அது வருவது ஏன் எனின், புகைபோக்கி இல்லாத அடுக்களையில் ஆண்டுக்கணக்காக விறகுப்புகையை உட்கொண்டமையே. என் அன்னையார் அத்தகையோருள் ஒருவர். ஊதுகுழலும் கையுமாக நாற்பது ஆண்டுகள் அடுப்பின்முன் இருந்தவர். தம் இறுதிக்காலத்தில், மூச்சின் அளவுக்கு உலகையும் சுருக்கிக்கொண்டார். முதலிற் கோயிலுக்கு நடந்துபோவது நின்றது. அடுத்துக் கிணற்றடி தொலைவாயிற்று. பின்னர் முற்றமும் தொலைவாயிற்று. இச்சுருக்கம் நாள்தோறும் ஒரே சீராக நிகழ்ந்ததன்று; படிப்படியாக நிகழ்ந்தது. ஆண்டில் இரண்டு மூன்று முறை நோய் திடீரென மிகும். ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆசுபத்திரியிற் கிடப்பார். பிழைத்து வீடு திரும்புவார். ஆனால் புறப்பட்டபோது இருந்த நிலைக்குத் திரும்பார். ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்கியிருப்பார்.

நோய் இவ்வாறு திடீரென மிகுவதைக் கிளர்ச்சி என்று இப்பேச்சிற் குறிப்பிடுவேன். இருமல் மிகும், சளி பெருகும், அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும், மூச்சு முட்டும். நோயாளியைத் தேய்ப்பது இக் கிளர்ச்சிகளே. ஆகவே, இவற்றை எழுப்புவது யாது என்னும் கேள்வி வெறும் அறிவாராய்ச்சிக் கேள்வி அன்று. வைரசுகள் எழுப்புவன சில. தூசும் புகையும் எழுப்புவன சில. ஏறத்தாழப் பாதியளவிற் பற்றீரியாக்களுக்குப் பங்கு உண்டு. அப் பற்றீரியாக்களுள் முதலிடம் பெறுவது ஈமோபிலசு இன்புளுவென்சே என்பது.

இப்பெயரே ஒரு பிழை. 1889ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் பெரும் சளிச்சுரம் பரவிற்று. 1892இல் பெர்லின் நகரில் றிச்சட் பைபர் என்னும் அறிஞர், நோயாளிகளின் சளியில் ஒரு சிறு கோற்கிருமியைக் கண்டு, இன்புளுவென்சாவுக்குக் காரணம் இதுவே என்று அறிவித்தார். கூட்டத்தில் நின்றவனைக் கள்வன் என்று பிடித்த கதைதான். 1918இல் அதனினும் பெரிய கொள்ளைநோய் வந்தபோது, இக்கிருமியைத் தேடியவர்களுட் பலர் கண்டனர், பலர் காணவில்லை. 1933இல் இலண்டனில் சிமித், அன்டுறூஸ், லெயிட்லோ ஆகிய மூவர், இன்புளுவென்சாவை உண்டாக்குவது ஒரு வைரசே என நிலைநாட்டினர். கிருமி அக்குற்றத்தினின்று விடுதலை பெற்றது. பெயர் மாத்திரம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஈமோபிலசு என்ற முற்பகுதி குருதியை விரும்புவது என்று பொருள்படும். குருதியிலுள்ள இரண்டு பொருள்களைக் கொடுத்தாலன்றி ஆய்வுகூடத்தில் இது வளராது. அப்பகுதியேனும் மெய்.

இங்கே நேயர் ஒருவர், "எங்கள் பிள்ளைகளுக்கு இக்கிருமிக்கெதிரான ஊசி போட்டாயிற்றே" என்று எண்ணக்கூடும். நம் நாட்டிற் குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியில் இதன் பெயரும் உண்டு; அது 2008இல் தொடங்கி, அவ்வாண்டே இடைநிறுத்தப்பட்டு, 2010இல் மீண்டும் வந்தது. ஆனால் அவ்வூசி இக்கிருமியின் ஓர் இனத்துக்கே உரியது. 'பி' வகை எனப்படும் அவ்வினம் தன்மேல் ஓர் உறையைப் போர்த்திருக்கும். குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும். ஊசி அந்த உறையை இனங்காண உடலைப் பழக்குகிறது. முதியோரின் சுவாசப்பையிற் குடியிருக்கும் இனத்துக்கோ போர்வையே இல்லை. போர்வையைக் கொண்டு கள்வனை அறியக் கற்ற காவலாளி, போர்வையின்றி வருபவனை என்ன செய்வான்? இன்புளுவென்சாவுக்கென ஆண்டுதோறும் இடும் ஊசியோ வைரசுக்கு உரியது. அது நோயாளிக்கு வேண்டியதே. ஆயினும் இக்கிருமியை அது தொடாது.

இனி, இக்கிருமிதான் கிளர்ச்சியை எழுப்புகிறது என்பது எவ்வாறு தெளிவாயிற்று? அதுவே சுவையான பகுதி. நெடுங்காலம் மருத்துவ உலகு இதனை நம்பவில்லை. காரணமும் நியாயமானதே. கிளர்ச்சிக் காலத்தில் நோயாளியின் சளியைச் சோதித்தால் ஈமோபிலசு இருக்கும். நோய் அடங்கியிருக்கும் காலத்திற் சோதித்தாலும் அதே ஈமோபிலசு இருக்கும். எப்போதும் வீட்டிலிருப்பவனை இன்று நடந்த சண்டைக்குக் காரணம் என்று எவ்வாறு சொல்வது? ஆகவே, இது சும்மா குடியிருக்கும் கிருமி என்று பலர் ஒதுக்கிவிட்டனர்.

பாடசாலை நடத்துபவர்களுக்கு இதிலுள்ள இடர் எளிதிற் புலப்படும். வரவு இடாப்பில் நான்கு பேருக்குக் கணேசன் என்ற பெயர் இருக்கும். "கணேசன் வந்தானா?" என்றால் "வந்தான்" என்ற விடை எந்நாளும் வரும். எந்தக் கணேசன் என்று கேட்டாலன்றி ஒன்றும் தெரியாது. ஈமோபிலசு என்பதும் ஒரு குடும்பப் பெயரே. அதனுள் எண்ணற்ற தனிக்குலங்கள் உள.

அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்துப் பவலோ நகரில், முன்னாட் படைவீரர்க்கான மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே 1994இல் திமதி மேபி, சஞ்சய் சேத்தி என்னும் மருத்துவர்கள் ஒரு பொறுமையான வேலையைத் தொடங்கினர். நாட்பட்ட சுவாசத்தடை நோயாளர் மாதந்தோறும் வரவேண்டும். நோய் மிகுந்தால் இடையிலும் வரவேண்டும். ஒவ்வொரு முறையும் சளியைக் கொடுத்துச் செல்லவேண்டும். அவ்வளவே. மூச்சுத் திணறும் முதியோர், அந்நகரின் கடும்பனியில், மாதந்தவறாது சளி கொடுக்க வந்தனர் என்பதை எண்ணிப்பார்க்கும்போது, அறிவியல் வரலாற்றில் இவர்களுடைய பெயர்கள் ஏறாமற்போனது பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 56 மாதங்களில் 81 நோயாளர் 1,975 முறை வந்தனர். அவற்றுள் 374 முறை கிளர்ச்சியின்போது வந்தவை. கிடைத்த கிருமிகளை மருத்துவர்கள் பெயரளவில் அறிந்து அமையாது, பரம்பரைப் பொருளைக் கொண்டு தனித்தனிக் குலமாகப் பிரித்தனர். முடிவு 2002இல் வெளியாயிற்று. அந்நோயாளிக்கு முன்பின் அறிமுகமில்லாத புதிய குலம் ஒன்று காணப்பட்ட வருகைகளில் நூற்றுக்கு 33இல் கிளர்ச்சி இருந்தது; புதியது எதுவும் காணப்படாத வருகைகளில் நூற்றுக்கு 15 அளவிலேதான் இருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். சண்டை மூட்டியவன் பழைய குடியிருப்பாளன் அல்லன். அதே பெயரோடு புதிதாய் வந்தவன்.

இந்த வேறுபாட்டை மேலும் கூர்மையாகக் காணவேண்டுமாயின், கிருமியின் பரம்பரை ஏட்டை முதலிலிருந்து இறுதிவரை எழுத்தெண்ணிப் படிக்கவேண்டும். உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழை உளது. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. அடினின், குவானின், சைற்றோசின், தைமின் என்பன அவ்வெழுத்துகள். உலகில் தனித்து வாழும் உயிர்களுள் முதன்முதலாக முழு ஏடும் படிக்கப்பட்டது எதனுடையது என நினைக்கிறீர்கள்? மனிதனுடையதன்று, இந்தப் பெயர் பிழைத்த கிருமியினுடையதே. 1995ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கிரேக் வென்றர், அமில்ற்றன் சிமித், றொபேட் பிளைஷ்மன் முதலியோர் அதனைச் செய்து முடித்தனர். எழுத்துகளின் தொகை 1,830,137. அதற்கு முன்னர் முழுதாகப் படிக்கப்பட்டவை, பிற உயிரணுக்களை அண்டி வாழும் வைரசுகளின் ஏடுகளும் அவை போன்ற சிற்றேடுகளுமே. 1977இல் பிரெடரிக் சாங்கர் குழுவினர் படித்த ஒரு வைரசின் ஏட்டில் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளே இருந்தன.

இக்கிருமியைத் தேர்ந்தவர் அமில்ற்றன் சிமித். அவருக்கு இதனோடு பழைய உறவு உண்டு. டீ.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் மாத்திரம் வெட்டும் நொதியம் ஒன்றை 1970இல் இதே கிருமியிலிருந்துதான் அவர் பிரித்தெடுத்தார். 1978இல் நோபெற் பரிசும் பெற்றார்.

படித்த முறையை எனக்கு விளங்கிய அளவிற் சொல்கிறேன். நான் கலைத்துறையிற் பயின்றவன், ஏட்டுச்சுவடி உவமை எனக்கு எளிது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, சிதைந்த பல பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டே பாடங்கண்டார். ஒன்றில் செல்லரித்த இடம் மற்றொன்றில் நிறைந்திருக்கும். வென்றர் குழுவினர் செய்ததும் ஏறக்குறைய அதுவே. ஆனால் சிதைத்தவர்களும் அவர்களே. ஒரே ஏட்டின் எண்ணற்ற பிரதிகளை எடுத்து, ஒழுங்கின்றித் துண்டு துண்டாக்கினர். ஏறக்குறைய 24 ஆயிரம் துண்டு வாசகங்களைப் படித்தனர். ஒரு துண்டின் இறுதி மற்றொரு துண்டின் தொடக்கத்தோடு பொருந்துமிடத்தைக் கண்டு, கணினி அவற்றைக் கோத்தது. ஒவ்வோர் எழுத்தும் சராசரி ஆறுமுறை படிக்கப்பட்டதாயிற்று. முதற்கோவையில் 140 பெருந்துண்டுகள் எஞ்சின; இடையே இருந்த வெளிகளைத் தனித்தனியே தேடி நிரப்பினர். இது நடவாத காரியம் என்று கூறி, அரச ஆராய்ச்சி நிதி வழங்குவோர் பணம் கொடுக்க மறுத்தனர். மறுப்புக் கடிதம் வந்து சேரும்போது வேலை முடிவை நெருங்கியிருந்தது. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிப் பழகிய எந்தத் தலைமையாசிரியரும் இந்த இடத்திற் சிறிது புன்னகை செய்வார்.

1995இற் படிக்கப்பட்டது ஆய்வுகூடத்தில் வளர்ந்து, உறையையும் நோய் செய்யும் வலியையும் இழந்த ஒரு குலம். பின்னர் 2005இல், நாட்பட்ட காதுநோயுற்ற ஒரு குழந்தையிடமிருந்து கிடைத்த உறையில்லாக் குலத்தின் ஏடும் படிக்கப்பட்டது. அதன்பின் இவ்வேலை விரைவும் மலிவும் பெற்றது. பவலோவிற் பதினைந்து ஆண்டுகளில் முதியோர் கொடுத்த சளியிலிருந்து எடுத்து உறைகுளிரிற் காத்துவைத்த கிருமிகளுள் 269இன் முழு ஏடுகளும் படிக்கப்பட்டு, 2018இல் முடிவுகள் வெளியாயின. மேபியோடு யேல் பல்கலைக்கழகத்து மெலிண்டா பெற்றிகுரூவும் பிறரும் இதனைச் செய்தனர். ஒரே மனிதரின் சுவாசப்பையில் ஒரே குலம் 1,422 நாள்வரை வாழ்ந்திருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டு! குருதியின் காவலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் எதிர்நிற்க, அது எவ்வாறு பிழைத்தது?

அதனை விளக்க ஒரு சிறு விளையாட்டு. அருகில் தாளும் பென்சிலும் இருப்பின் எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த மரம் நல்ல பழம் தரும்" என்று எழுதுங்கள். ஐந்து சொற்கள், ஒவ்வொரு சொல்லிலும் மூன்றே எழுத்து. உயிரணுவும் தன் ஏட்டை இப்படித்தான், மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி மாத்திரம் விடுவதில்லை. இனி, 'மரம்' என்பதிலுள்ள ரகரத்தை அழித்துவிட்டு, மீண்டும் மும்மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். "இந்த, மம்ந, ல்லப, ழம்த" என்று உளறல் ஆகிவிடும். ஓரெழுத்துப் போனமையால் அதற்குப் பின்னுள்ள வாசகம் முழுவதும் கெட்டது. அந்த வாசகம் ஒரு புரதத்தைச் செய்யும் கட்டளையாயின், அப்புரதம் பிறவாது.

இக்கிருமியின் ஏட்டிற் சில பரம்பரையலகுகளின் தொடக்கத்தில், நான்கெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப இருபது, முப்பது முறை வரும். ஒக்சுபோட்டில் றிச்சட் மொக்சனும் அவருடன் பணிசெய்தோரும் 1989இல் இதனைக் கண்டனர். ஒரே சொல்லை முப்பது முறை பார்த்தெழுதும் எழுத்தாளனுக்கு எண்ணிக்கை தவறுவது இயல்பு. கிருமி தன் ஏட்டைப் படியெடுக்கும்போதும் அவ்வாறே தவறுகிறது. ஒரு தொடர் குறையும், அல்லது ஒன்று கூடும். நான்கு எழுத்துக் குறைந்தால் மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு குலையும், புரதம் நிற்கும். மூன்று முறை குறைந்தால் பன்னிரண்டு எழுத்து. பன்னிரண்டு மூன்றால் மீதியின்றி வகுபடும். வாசகம் மீண்டும் நேராகும். ஆக, எழுத்துப்பிழை என்று நாம் தள்ளுவது கிருமிக்கு விளக்கின் ஆளியாகப் பயன்படுகிறது. ஏற்றலாம், அணைக்கலாம்.

இதனால் அதற்கு என்ன பயன்? மொக்சன் கண்ட பரம்பரையலகு கிருமியின் மேற்பரப்பில் ஒரு சிறு அணியைப் பொருத்துவது. அவ்வணி இருந்தால் மூச்சுக்குழாயின் சுவரில் நன்றாக ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அழற்சி மிகும்போது நம் உடல் சுரக்கும் ஒரு புரதம், அதே அணியைப் பற்றிப் பிடித்துக் கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது. அணியவும் வேண்டும், கழற்றவும் வேண்டும். கோடிக்கணக்கிற் பெருகும் கூட்டத்தில், பிழையினால் அணி கழன்ற சிலர் எப்போதும் இருப்பர். காவல் கடுமையாகும்போது அச்சிலர் பிழைத்துக் குலத்தைக் காப்பர். காவல் தளரும்போது அணியுடையோர் மீண்டும் பெருகுவர். கிருமிக்கு எண்ணமோ சூழ்ச்சியோ இல்லை என்பதை மறவாது இதனைக் கேட்கவேண்டும். நம் மொழி அதற்கு அவற்றை ஏற்றிவிடுகிறது.

2018இன் ஆய்வு காட்டியது என்னவெனின், மனித சுவாசப்பையில் நீண்டகாலம் வாழும்போது இக்கிருமி பெரும்பாலும் இவ்வெண்ணிக்கைப் பிழைகளாலேயே தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதே. ஒட்டும் தன்மை, உணவு கொள்ளும் முறை, மேற்பரப்பின் கோலம் ஆகியவற்றை ஆளும் பல அலகுகள் இவ்வாறு ஏற்றி அணைக்கப்படுகின்றன. சில குலங்களில் நான்கு இலட்சம் எழுத்து நீளமான ஒரு பகுதி அப்படியே தலைகீழாகத் திரும்பியிருந்தது. ஆயினும், சுவாசப்பையில் நெடுங்காலம் வாழும் பிற கிருமிகள் சில செய்வதுபோல, இது புதிய அலகுகளைப் பெரிய அளவிற் பெறுவதோ பழையவற்றை இழப்பதோ இல்லை. இருப்பதைக்கொண்டே சமாளிக்கிறது.

தடுப்பூசி செய்ய முயல்வோருக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதன்று. ஊசிக்குத் தகுதியுடையன என எண்ணப்பட்ட 12 புரதங்களை அவ்வாய்வு தனியே நோக்கிற்று. குடியிருந்த காலத்திலேயே அவற்றுள் எட்டின் அமைப்பில் மாற்றம் நேர்ந்திருந்தது. இக்கிருமிக்கும், இதன் கூட்டாளியான மொறக்செல்லா என்பதற்கும் எதிராகச் செய்த ஓர் ஊசி, அறுநூறு நோயாளரளவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சோதிக்கப்பட்டது. 2022இல் வந்த முடிவின்படி, கிளர்ச்சிகளின் தொகை அதனாற் குறையவில்லை. எட்டுப் போக மாறாது நின்றவை நான்கு. தேடுவோர் பார்வை இயல்பாகவே அவற்றின்மேல் விழும். ஆனால் ஒரு புரதம் மாறாதிருப்பது மாத்திரம் அதை நல்ல ஊசியாக்கிவிடாது.

அதுவரையில் மருத்துவர் கையில் இருப்பது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அதனை எல்லாக் கிளர்ச்சிக்கும் கொடுத்தல் தகாது. வைரசினால் வந்ததற்கு அது பயன்படாது. வீணாகக் கொடுக்கக் கொடுக்கக் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். எதற்குக் கொடுப்பது? கனடாவின் வினிப்பெக் நகரில் நடந்து 1987இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றும் வழக்கிலுள்ள மூன்று அடையாளங்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தது: மூச்சுத்திணறல் மிகுதல், சளியின் அளவு மிகுதல், சளி சீழ்நிறமாதல். மூன்றும் ஒருங்கிருந்தோருக்கு மருந்தினால் நற்பயன் தெளிவாக இருந்தது. ஒன்று மாத்திரம் இருந்தோருக்கு அவ்வாறன்று. ஏடு படிக்கும் பொறி நம் கிராமத்து ஆசுபத்திரிக்கு வந்துசேரும்வரை, சளியின் நிறமே அங்கே வைத்தியருக்குக் கிடைக்கும் சான்று.

என் அன்னையார் சளியைப் பிறர் காணத் துப்பமாட்டார். சேலைத்தலைப்பிற் பொதிந்து, கோடிப்புறம் சென்று, மண்ணிட்டு மூடிவிட்டு வருவார். மூச்சு வாங்கிக் கோடிவரை நடக்க இயலாத நாளிலும் அவ்வாறே செய்தார். வைத்தியர் ஒவ்வொரு முறையும் நிறம் மாறியதா என்று கேட்பார். அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைப்பார். வைத்தியர் அதனை எழுதிக்கொள்வார்.